நீயே சாப்பிடு கண்ணு

“என் பொண்ணு நடிக்கிறாளுங்கம்மா.”

நாச்சிமுத்து உட்காரக்கூட இல்லை. குருவம்மாவின் முன்னால் நின்றபடியே சொன்னான்.

குன்றின் அடியில், ஓடு வேய்ந்த சின்ன மடம் அது. நான்கு வருடமாக அவன் அங்கே சீடன். மாதம் இரண்டு முறை வருவான், கேள்வி கேட்பான், பதில் கிடைத்ததும் அந்தப் பதிலையும் சந்தேகப்படுவான். கறந்த பாலைக்கூட மூன்று தரம் முகர்ந்து பார்க்கிற ஆள். அவனை என்ன செய்ய?

இன்று தனியாக வரவில்லை. ஒரு கையில் துணி மூட்டை, இன்னொரு கையில் ஐந்து வயது மகள் மயிலாத்தா.

“அம்மிணி, வாசல்ல கோழி குஞ்சு பொரிச்சிருக்கு. போய்ப் பாரு” என்றாள் குருவம்மா.

சிறுமி ஓடினாள்.

“இப்போ சொல்லு. என்ன நடிக்கிறா?”

“ஊரே அவளை மெச்சுதுங்க. எதைக் கேட்டாலும் குடுத்துடுவா. தங்கமான பிள்ளை, தங்கமான பிள்ளைன்னு ஒரே பாட்டு. எனக்குத்தான் உள்ளுக்குள்ள என்னவோ உறுத்துது.”

“என்ன உறுத்துது?”

அவன் குரலைத் தாழ்த்தினான்.

“எம் பையனுக்கு எட்டு மாசம் ஆகுதுங்க. நல்லாத் தூங்கிட்டு இருப்பான். இவ பக்கத்துல போனா வீல்னு கத்தறான். ஓடிப் போய்ப் பார்த்தா, இவ தொட்டிலை ஆட்டிக்கிட்டு, ‘அழாதே சாமி, அக்கா இருக்கேன்’னு கொஞ்சறா. நேத்து அவன் தொடையில செவசெவன்னு ஒரு தடம்.”

“எறும்பு கடிச்சிருக்கும்.”

“எறும்புக்கு நகம் இருக்குங்களா?”

குருவம்மா வாசலில் இருந்த சிறுமியை எட்டிப் பார்த்தாள்.

“மூணு நாளு கதவிடுக்குல நின்னு பார்த்தேனுங்க. நான் நின்னா அவ ஒண்ணும் பண்றதில்லை. அப்புறம் தொட்டில் கயித்துல கரியைப் பூசி வெச்சேன். காத்தால அவ கையில கரி!”

“தொட்டிலை ஆட்டினா கரி ஒட்டத்தானே செய்யும்?”

“அதையேதானுங்க அவளும் சொன்னா. எத்தனை கெட்டிக்காரி பாருங்க!”

குருவம்மா மூட்டையைப் பார்த்தாள்.

“இது எதுக்கு?”

“மூணு மணி பஸ்ஸுல கூட்டிட்டுப் போய் மாமியார் ஊர்ல விட்டுடப் போறேன். பையனுக்கு விவரம் தெரியற வரைக்கும் அங்கேயே இருக்கட்டும். ரெண்டு வருஷமோ, மூணு வருஷமோ.”

“அவ அம்மா என்ன சொல்றா?”

“அழுதுட்டு உக்காந்திருக்கா. எனக்கு மட்டும் வயிறு எரியலைங்களா? பெத்த பொண்ணும்மா!” அவன் குரல் உடைந்தது. “வீட்டுல அன்பா இருக்கணும்னு தவழற வயசுல இருந்தே சொல்லிக் குடுத்தேன். எங்கே தப்பாப் போச்சு? அதை மட்டும் சொல்லிடுங்க. நான் கிளம்பறேன்.”

குருவம்மா வாசலைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். “அம்மிணி, இங்க வா. கையில என்ன பொட்டலம்?”

“எள்ளுருண்டை. பஸ்ஸுல திங்கறதுக்கு அம்மா குடுத்தாங்க. ரெண்டு இருக்கு.”

குருவம்மா கையை நீட்டினாள். “எனக்கு?”

மயிலாத்தா கொஞ்சம்கூட யோசிக்கவில்லை. பொட்டலத்தைப் பிரித்தாள், ஒன்றை எடுத்தாள், தலையைச் சாய்த்துச் சிரித்துக்கொண்டே அந்தக் கையில் வைத்தாள். பார்க்கிறவர்கள் யாராக இருந்தாலும் அள்ளி முத்தம் கொடுத்துவிடுவார்கள்.

“இதைத்தானுங்க சொல்றேன்” என்று நாச்சிமுத்து பல்லைக் கடித்தான்.

குருவம்மா எள்ளுருண்டையை வாயில் போட்டுக்கொண்டாள்.

மென்றாள்.

மயிலாத்தாவின் சிரிப்பு அப்படியே நின்றது. ஆடுகிற தாடையையே பார்த்தாள். குருவம்மா விழுங்கினாள். விரலில் ஒட்டிய எள்ளையும் விடவில்லை.

அவ்வளவுதான். சிறுமி தரையில் புரண்டு கத்திய கத்தலில் கோழி குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு வேலிக்கு அப்பால் போய்விட்டது.

“என்னோடது! என்னோட எள்ளுருண்டையைக் குடுங்க!”

“நீதானே குடுத்தே?”

“குடுத்தா திங்கக் கூடாது! ‘ஹாம்’னு வாயை மட்டும் ஆட்டிட்டுத் திருப்பிக் குடுக்கணும்!”

நாச்சிமுத்துவின் முகத்தில் வெற்றி. “பார்த்தீங்களா! நான் சொன்னப்போ நம்பலையே நீங்க! அத்தனையும் வேஷம்!”

குருவம்மா அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை. “திருப்பிக் குடுக்கணும்னு உனக்கு யாரு கண்ணு சொன்னது?”

அழுதபடியே சிறுமி விரலை நீட்டினாள். அது நேராக அப்பாவைக் காட்டியது.

“அது... எல்லா வீட்டுலயும் பண்றதுதானுங்களே” என்றான் நாச்சிமுத்து. “கையில எது வெச்சிருந்தாலும் ‘அப்பாவுக்கு?’ன்னு கேப்பேன். குடுப்பா. வாயை அசைச்சிட்டு, ‘நீயே சாப்பிடு கண்ணு’ன்னு திருப்பிக் குடுத்துடுவேன். குடுத்துப் பழகட்டும்னுதான். அதுக்காக, பிள்ளை கையில இருக்கறதைப் பிடுங்கித் திங்க மனசு வருங்களா?”

“ஒரு தடவைகூடத் தின்னதில்லையா?”

“சேச்சே! ஒரு தடவைகூட இல்லைங்க.”

குருவம்மா சிறுமியிடம் வெறும் கையை விரித்துக் காட்டினாள்.

“தின்னுட்டேன். இனி வராது.”

மயிலாத்தா நம்பவில்லை. அப்பன் மகள்தானே? எழுந்து வந்து குருவம்மாவின் இன்னொரு கையைப் பிரித்துப் பார்த்தாள். முதுகுப் பக்கம் போய்த் தேடினாள். வாயைத் திறக்கச் சொல்லி உள்ளே எட்டிப் பார்த்தாள். நிஜமாகவே இல்லை.

விசும்பல் மெல்ல அடங்கியது.

“நல்லா இருந்துச்சா?”

“ரொம்ப நல்லா இருந்துச்சு. வெல்லம் தூக்கலா இருந்துச்சு.”

“நான்தான் உருட்டினேன்” என்றாள் சிறுமி. மூக்கைத் துடைத்துக்கொண்டாள். “எங்கப்பா திங்காமலே நல்லா இருக்குன்னு சொல்லுவாங்க.”

நாச்சிமுத்து தொண்டையைக் கனைத்தான். மடத்தின் ஓட்டில் என்னவோ இருப்பதுபோல் மேலே பார்த்தான்.

பொட்டலத்தில் இன்னும் ஒன்று இருந்தது. மயிலாத்தா அதை எடுத்துப் பாதி கடித்தாள். மீதிப் பாதியை நீட்டியவள், சட்டென்று கையைப் பின்னுக்கு இழுத்தாள்.

“இதையும் தின்னுடுவீங்களா?”

“தின்னுடுவேன்.”

“அப்போ தர மாட்டேன்.”

“கருமி! இப்போ பாருங்க கருமித்தனத்தை” என்றான் நாச்சிமுத்து.

“இப்போ நடிக்கலையே” என்றாள் குருவம்மா.

சிறுமி அந்தப் பாதியையே பார்த்துக்கொண்டு நின்றாள். தின்னவும் இல்லை, மடித்து வைக்கவும் இல்லை. என்னவோ கணக்குப் போட்டுப் பார்ப்பதுபோல் புருவத்தைச் சுருக்கினாள்.

“குடுத்தா வரவே வராதா?”

“வராது.”

“என் தொட்டில்?”

“தொட்டிலை யாருக்குக் குடுத்தே?”

“தம்பிக்கு. தம்பிக்குக் குடு கண்ணுன்னு அப்பா கேட்டாங்க. குடுத்தேன். அம்மா மடியையும் கேட்டாங்க. குடுத்தேன். அம்மா பக்கத்துல படுத்துக்கறதையும் கேட்டாங்க.”

“அழாம குடுத்தியா?”

“அழலை. நல்ல பிள்ளைன்னு சொன்னாங்க.” சிறுமியின் உதடு துடித்தது. “‘ஹாம்’னு சொல்லிட்டுக் குடுத்துடுவான்னு பார்த்துட்டே இருந்தேன். தம்பி குடுக்கவே இல்லை. எத்தனை நாளாச்சு! கேட்டும் பார்த்தேன். சிரிக்கிறான்.”

“அதுக்குத்தான் கிள்ளினியா?”

கோழிக்குஞ்சு எத்தனை என்று கேட்கிற குரலில் கேட்டாள் குருவம்மா.

மயிலாத்தா ஓரக்கண்ணால் அப்பாவைப் பார்த்தாள். பிறகு தலையாட்டினாள்.

“ரெண்டு தடவை. வலிச்சா குடுத்துடுவான்னு நெனைச்சேன்.”

கீழே சாலையில் மூன்று மணி பஸ் ஹாரன் அடித்தது.

கரி பூசிக் கண்டுபிடிக்க முடியாதது வெளியே வந்துவிட்டது. நாச்சிமுத்து துள்ளியிருக்க வேண்டும். ‘நான் சொன்னேனே’ என்று குதித்திருக்க வேண்டும். அவன் மகளையே பார்த்துக்கொண்டு நின்றான். மூட்டை அவன் கையில் கனத்தது.

சிறுமி அந்த மூட்டையைத் தொட்டுக் காட்டினாள்.

“இப்போ வீட்டையும் குடுக்கச் சொல்றாங்க.”

பஸ் இன்னொரு முறை ஹாரன் அடித்தது.

“நாச்சிமுத்து, பஸ் போயிடப் போகுது” என்றாள் குருவம்மா.

“போகட்டுங்க.”

வந்ததிலிருந்து நின்றுகொண்டிருந்தவன் அப்போதுதான் உட்கார்ந்தான். மூட்டையைத் தள்ளி வைத்தான். சம்மணம் போட்டு, மடியைத் தட்டினான். கண்ணில் நீர் முட்டியது.

“வா கண்ணு. அப்பா மடியில வந்து உக்காரு. இது உனக்குத்தான்.”

மயிலாத்தா வரவில்லை. பாதி எள்ளுருண்டையைக் கைக்குள் இறுக்கிக்கொண்டாள். அந்த மடியைப் பார்த்தாள். அவன் முகத்தைப் பார்த்தாள். மறுபடியும் மடியைப் பார்த்தாள்.

“நெசமாலுமே குடுக்கறீங்களா? இல்லை, சும்மா விளையாட்டுக்கா?”