பொன்வண்டு பறித்த மெருகு

பூச்சிகள் வாய் திறந்து பேசிய அந்தக் காலத்தில் எந்தப் பூச்சிக்கும் நிறம் கிடையாது. பொன்வண்டின் முதுகு வெறும் தோல். பட்டாம்பூச்சியின் இறக்கை வெறும் சீலை. இரண்டும் வீராயியிடம் போய் நின்றன. தோல்பாவைக்கும் தேர்ச்சீலைக்கும் படம் எழுதுகிறவள் அவள்.

"அக்கா, எங்களுக்கும் எழுதிவிடு" என்று கெஞ்சின.

வீராயி எழுதினாள். வண்டுக்கு ஒரே பச்சை. வெற்றிலை மடிக்கும் நேரம்கூட ஆகவில்லை. பட்டாம்பூச்சிக்கோ மஞ்சளில் கறுப்புக் கரை, கரையோரம் புள்ளி, புள்ளிக்குள் இன்னொரு புள்ளி. கண் வலிக்க வலிக்க எழுதினாள்.

நிறம் வைத்தால் மட்டும் போதுமா? மழை பட்டால் கரைந்து ஓடிவிடாதா? மேலே மெருகு பூச வேண்டும். இன்று வார்னிஷ் என்கிறோமே, அதுதான். இலந்தை மரத்து அரக்குப்பூச்சி தன் உடம்பிலிருந்து வடித்த அரக்கைக் கொடுத்தது. வீராயி அதை எண்ணெயில் உருக்கிச் சட்டியில் வைத்தாள். இருந்ததே அந்த ஒரு சட்டிதான். இனி அடுத்த வருஷம்தான் அரக்கு வடியும். மேற்கே மேகம் வேறு கறுத்துக்கொண்டு வந்தது.

"தோலுக்கு அழுத்திப் பூசலாம். சீலைக்கு அப்படிப் பூசினா அப்பளம் மாதிரி விறைச்சுக்கும். மெல்லிசா ஒரு பூச்சு, அதுவும் சாயம் நல்லாக் காய்ஞ்ச பிறகுதான்" என்று சொல்லி, வீராயி பட்டாம்பூச்சியை வேலியோரம் நிழலில் உட்காரவைத்தாள். "இறக்கையை விரிச்சே வச்சிரு. மூடினே, ஒட்டிக்கும். நான் கூப்பிடற வரைக்கும் அசையாதே."

அந்த அப்பாவி அசையவே இல்லை. எறும்பு காலைக் கடித்தபோதுகூட அசையவில்லை.

வண்டுக்கு ஒரு பூச்சு ஆயிற்று. அந்தப் பேராசை பிடித்தது தண்ணீர்த் தொட்டியில் தன் முதுகைப் பார்த்துக்கொண்டது. "அக்கா, இன்னொரு பூச்சு." பூசினாள். "இன்னும் ஒண்ணு."

"போதும்டா. மிச்சம் அவளுக்கு. போய்ச் சாயம் காய்ஞ்சிடுச்சான்னு பார்த்துட்டு வா."

போனது. பாதி வழியிலேயே திரும்பியது. வந்து என்ன சொன்னது தெரியுமா?

"அவளுக்கு மெருகு வேணாமாம் அக்கா. இறக்கை விறைச்சுட்டாப் பறக்க முடியாதேன்னு பயப்படுறா. மிச்சத்தையும் என்னையே பூசிக்கச் சொல்லிட்டா."

அடப் படுபாவி! வீராயி சொன்ன வார்த்தையை வைத்தே வீராயி காதில் பூச்சுற்றிவிட்டது! மெருகு பட்டு விறைத்துப்போன சீலைகளை எத்தனையோ பார்த்தவள் அவள். அதனால்தான் நம்பிவிட்டாள். சட்டியை வழித்து வண்டின் முதுகிலேயே பூசினாள்.

தூறல் விழத் தொடங்கியது.

"அக்கா, எனக்குக் காய்ஞ்சிடுச்சு. இன்னும் கூப்பிடலையே?" என்று வேலியோரத்திலிருந்து பட்டாம்பூச்சி கேட்டது.

வீராயி காலிச் சட்டியைப் பார்த்தாள். வண்டைப் பார்த்தாள். நடந்தது புரிந்துவிட்டது. நெஞ்சு கொதிக்க ஓடிப்போய்ப் பட்டாம்பூச்சியைத் தன் முந்தானைக்குள் எடுத்துக்கொண்டு, வண்டு வந்து சொன்னதைச் சொன்னாள்.

"நானா வேணாம்னு சொன்னேன்? சாயம் கரைஞ்சா நான் எந்த முகத்தோட பூவுக்குப் போவேன்?" என்று அது அழுதது.

இலந்தை மரத்திலிருந்து அரக்குப்பூச்சி கத்தியது. "ரெண்டு பேருக்கும்னுதானே என் உடம்பை வடிச்சுக் கொடுத்தேன்! இந்தத் தின்னிப்பயலுக்கு மட்டும்னா கொடுத்தேன்?"

வண்டு சிரித்தது. "பூசினது காய்ஞ்சு போச்சு. இனி உரிச்சா எடுக்க முடியும்?" அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

"மினுக்கணும்னுதானே புளுகினே? அந்த மினுக்கமே உன்னைக் காட்டிக்கொடுக்கும். பிள்ளைங்க கண்ணுக்கு நீ தப்பவே மாட்டே!" என்றாள் வீராயி. பிறகு முந்தானையை விலக்கி, "உன்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கணும்டி. கேக்காம விட்டுட்டேன். உட்காரும்போது இறக்கையை மூடிக்கோ, எழுத்து உள்ளே பத்திரமா இருக்கும். மழைன்னா இலைக்கு அடியில போயிடு" என்றாள்.

அவள் சொன்னது பலித்தது. எந்தக் கிளையில் ஒளிந்தாலும் பொன்வண்டு வெயிலில் மின்னி மாட்டிக்கொள்கிறது. பிள்ளைகளின் தீப்பெட்டிக்குள் கிடக்கிறது. நல்லா வேணும்! ஆனால் அதனால் பட்டாம்பூச்சிக்கு என்ன லாபம்? அதன் பங்கு மெருகு இன்னும் அந்த வண்டின் முதுகில்தானே இருக்கிறது?

அன்று முதல்தான் பட்டாம்பூச்சி உட்கார்ந்ததும் இறக்கையை மூடிக்கொள்கிறது. பிடித்தால் அதன் சாயம் நம் விரலோடு வந்துவிடுகிறது. அதைச் சட்டையில் துடைத்துவிட்டுப் போகிறோமே, நாம் மட்டும் என்ன யோக்கியம்?