படகோட்டியின் கேள்வி

திருச்சி உறையூரில் ஒரு நாடகக் குழு இருந்தது. அதை நடத்தியவள் பூங்கோதை. நாற்பது வயதுகூட ஆகாதவள். ஆனால் குழுவில் எல்லோரும் அவளை வாத்தியார் என்றுதான் கூப்பிட்டார்கள். அவளைவிட ரொம்ப மூத்தவரான மரியதாஸும் அப்படித்தான் கூப்பிட்டார்.

மரியதாஸின் முகம் ஊரில் பலருக்குத் தெரியாது. குரல் தெரியும். ஜவுளிக்கடைத் தள்ளுபடி என்றாலும், சர்க்கஸ் வந்திருக்கிறது என்றாலும், வேட்பாளர் கைகூப்பி வருகிறார் என்றாலும், ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோவில் உட்கார்ந்து தெருத் தெருவாகச் சொல்லிக்கொண்டு போகிறவர் அவர்தான். மைக் கெட்டுப்போனாலும் வேலை நிற்காது என்று ஆட்டோக்காரர் சொல்வார். அவ்வளவு பெரிய குரல்.

பூங்கோதையின் நாடகம் ஒன்றுக்கு விளம்பரம் சொல்லப் போனவர், அன்று மாலை நாடகத்தையும் உட்கார்ந்து பார்த்தார். முடிந்ததும் வீட்டுக்குப் போகாமல் மேடைக்குப் பின்னால் போனார்.

"எனக்கும் சொல்லிக்கொடுங்க வாத்தியாரே" என்றார்.

"என்ன வேணும் உங்களுக்கு?" என்று பூங்கோதை கேட்டாள்.

"அங்க நிக்கணும்" என்று மேடையைக் காட்டினார்.

அவள் சேர்த்துக்கொண்டாள். அதற்குப் பிறகு அவர் மந்திரியாக நின்றார், நீதிபதியாக நின்றார், பூசாரியாக நின்றார். எதிலும் ஒரு சொல் பிசகியதில்லை. அரசனாக மட்டும் இன்னும் நிற்கவில்லை.

அந்த வருடம் குழு ஒரு புதிய நாடகத்தை எடுத்தது. பாட்டும் வசனமும் சரிபாதியாகக் கலந்த இசை நாடகம். ஊரின் பெரிய அரங்கில் டிக்கெட் போட்டு நடத்தப் போகிறார்கள். குழுவுக்கு அதுவே முதல் பெரிய மேடை.

கதை சின்னதுதான். பெருவெள்ளத்தில் தலைநகரம் முழுகப் போகிறது. அரசன் ஆற்றின் கரையை மேலே ஓரிடத்தில் வெட்டிவிடச் சொல்கிறான். தண்ணீர் திசை மாறுகிறது. நகரம் பிழைக்கிறது. தண்ணீர் திரும்பிய பக்கத்தில் இருந்த ஒரு சிற்றூர் அழிந்துபோகிறது. வெளியூர் போயிருந்த ஒரு படகோட்டி திரும்பி வந்து, தன் ஊரைக் காணாமல், அரண்மனைக்குப் போய் அரசனைக் கேட்கிறான்.

படித்த அன்றே மரியதாஸ் முடிவு செய்துவிட்டார். அந்த அரசன் தான்தான்.

ஆனால் பூங்கோதை வேறொன்று சொன்னாள். "இந்தத் தடவை வேஷத்துக்கு வெளியாட்களையும் கூப்பிடுறோம். அனுபவம் வேண்டாம். வயசு, ஆணா பெண்ணா, எதுவும் கணக்கில்லை. ஞாயித்துக்கிழமை காலையில வரச் சொல்லுங்க."

ஊருக்கு அதைச் சொல்ல வேண்டியவரும் மரியதாஸ்தான். சொன்னார். உறையூர், தில்லை நகர், பாலக்கரை எல்லாம் சுற்றிச் சொன்னார். "அரசன் வேடத்துக்கும்" என்ற இடத்தில் மட்டும் குரல் கொஞ்சம் வேகமாகப் போனது.

ஞாயிற்றுக்கிழமை காலை. ஒரு பழைய கல்யாண மண்டபத்தின் மாடிதான் ஒத்திகை இடம். மரியதாஸ் நாற்காலிகளை இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

"வாத்தியாரே, ஒரு சந்தேகம்."

"சொல்லுங்கண்ணே."

"இந்த வேஷத்துக்கு இந்த ஆள்தான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறீங்க? குரலா, முகவெட்டா, நடையா?"

பூங்கோதை வசனத் தாளை அவர் கையில் கொடுத்தாள்.

"வர்றவங்க அரசன் வசனத்தைச் சொல்லட்டும். எதிர்ல நின்னு நீங்க படகோட்டி வசனத்தைச் சொல்லுங்க."

"நானும் ராஜா வேஷத்துக்குப் பேர் கொடுத்திருக்கேனே."

"தெரியும். கடைசியா நீங்க செய்யுங்க."

கேட்ட கேள்விக்குப் பதில் வரவில்லை. மரியதாஸ் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. படகோட்டி வசனம் அவருக்குத் தலைகீழாகத் தெரியும்.

முதலில் வந்தவர் ஒரு கல்லூரிப் பேராசிரியர். கனத்த குரல். நெஞ்சை நிமிர்த்தி நின்றார்.

"என் ஊர் எங்கே, அரசே?" என்றார் மரியதாஸ். மாடி அதிர்ந்தது.

"தண்ணீருக்கு அடியில்."

"கரையை வெட்டியது யார்?"

"நான்!" பேராசிரியர் இடிபோலச் சொன்னார்.

"ஏன்?" மரியதாஸ் அதைவிடப் பெரிய இடியாகச் சொன்னார்.

"நகரம் பிழைக்க வேண்டியிருந்தது!"

"என் மகள் அந்த ஊரில் இருந்தாள்."

அதைச் சொல்லும்போது மரியதாஸ் குரலை உடைத்துக் கண்ணில் நீர் வரவழைத்தார். அது அவருக்குக் கைவந்த வித்தை. சுவரோரம் நின்ற குழுக்காரர்கள் கைதட்டினார்கள். பேராசிரியர் கைதட்டல் தனக்கோ என்று ஒரு கணம் பார்த்து, இல்லை என்று தெரிந்து, ஓரமாகப் போய் உட்கார்ந்தார்.

அடுத்து ஒருவர் தொலைக்காட்சித் தொடரில் நடித்தவர். "நான்" என்ற சொல்லுக்கு முன்பே தேம்ப ஆரம்பித்துவிட்டார். அதற்கடுத்து ஒரு பாடகர். நல்ல சாரீரம். "நான்" என்பதை இழுத்து ஒரு ராகத்தில் கொண்டுபோய் விட்டார். கேட்க நன்றாகத்தான் இருந்தது. இன்னும் பலர் வந்தார்கள். யார் எப்படிச் சொன்னாலும் மரியதாஸின் "ஏன்" அவர்கள் குரலை அமுக்கிவிட்டது. ஒவ்வொருவர் போய் உட்காரும்போதும் அவருக்குள் சிம்மாசனம் ஒரு படி கிட்டே வந்தது.

பூங்கோதை யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. "நன்றி, உட்காருங்க" என்பாள். அவ்வளவுதான்.

மதியச் சாப்பாட்டுக்கு எல்லோரும் எழும்போது, கையில் ஹெல்மெட்டோடு ஒரு பெண் படியேறி வந்தாள்.

"மன்னிக்கணும். கிளினிக்ல ஒரு பேஷண்ட். விட்டுட்டு வர முடியலை."

"பேர்?"

"நிலோஃபர். பல் டாக்டர். தில்லை நகர்."

"எந்த வேஷம்?"

"அரசன்" என்றாள். பிறகு மரியதாஸைப் பார்த்து, "சார் குரல்தானே? எங்க தெருவுல நீங்கதான் சொன்னீங்க, ஆணா பெண்ணா கணக்கில்லைன்னு" என்றாள்.

மரியதாஸுக்குச் சிரிப்பு வந்தது. தாளை அவளிடம் கொடுத்தார். அவள் ஒரு முறை படித்துவிட்டு, தாளை மடித்து நாற்காலியில் வைத்தாள். அவருக்கு எதிரே வந்து நின்றாள். கைகளை எங்கே வைப்பது என்று தெரியாதவள்போலத் தொங்கவிட்டுக்கொண்டாள்.

"என் ஊர் எங்கே, அரசே?" மாடி அதிர்ந்தது.

அவள் முதலில் அவரைப் பார்த்தாள். அவர் எங்கிருந்து வந்திருப்பார், யாரைத் தேடி வந்திருப்பார் என்று விசாரிப்பவள்போலப் பார்த்தாள். அவருக்கு ஒரு மாதிரி இருந்தது. அன்றைக்குக் காலையிலிருந்து யாரும் அவரை அப்படிப் பார்க்கவில்லை.

"தண்ணீருக்கு அடியில்" என்றாள்.

"கரையை வெட்டியது யார்?"

"நான்."

இடி இல்லை. தேம்பல் இல்லை. ராகம் இல்லை. ஒப்புக்கொண்டுவிட்டு, அடுத்து வரும் கேள்விக்காக அங்கேயே நின்றாள்.

மரியதாஸ் வாயைத் திறந்தார். இடிபோல வரவேண்டிய சொல் மெல்லியதாக வந்தது.

"ஏன்?"

அது தன் குரலா என்று அவருக்கே சந்தேகம். சுவரோரம் பேசிக்கொண்டிருந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள்.

"நகரம் பிழைக்க வேண்டியிருந்தது."

அடுத்த வசனம் அவருடையது. என் மகள் அந்த ஊரில் இருந்தாள். தெரியும். நாக்கு நுனியில்தான் இருந்தது. சொல்ல வரவில்லை. அவர் விழித்துக்கொண்டு நின்றார். அவளும் கண்ணை எடுக்காமல், அவசரப்படுத்தாமல் நின்றாள்.

கடைசியில் அவர் சொன்னார். பக்கத்தில் இருப்பவரிடம் சொல்வதுபோலச் சொன்னார். கண்ணில் நீர் வரவழைக்க மறந்துவிட்டார்.

யாரும் கைதட்டவில்லை.

"சார், நான் ஏதாவது தப்பாச் சொல்லிட்டேனா?" என்று நிலோஃபர் கேட்டாள்.

"இல்லம்மா" என்றார் மரியதாஸ். வசனம் இடறிவிட்டதே என்று அவருக்குக் காது சுட்டது.

சாப்பாட்டுக்குப் பிறகு அவர் முறை வந்தது. நிலோஃபர் படகோட்டியாக எதிரே நின்றாள். மரியதாஸ் இடறியதை எல்லாம் வட்டியோடு சரிசெய்துவிட வேண்டும் என்று நின்றார். "நான்" என்றார். கீழே தெருவில் போனவர்கள் அண்ணாந்து பார்த்திருப்பார்கள். மாடி முழுக்கக் கைதட்டல். பாடகரும் பேராசிரியரும்கூடத் தட்டினார்கள்.

அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நிம்மதியாக உட்கார்ந்தார்.

மாலையில் பூங்கோதை சொன்னாள். "அரசன், டாக்டர் நிலோஃபர். படகோட்டி, மரியதாஸ் அண்ணன். பாட்டு சார், நீங்க பின்பாட்டுக் குழுவை நடத்தணும்." அப்படியே மற்ற வேஷங்களையும் சொல்லி முடித்தாள்.

மரியதாஸ் பையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டார்.

மறுநாள் ஒத்திகைக்கு வரவில்லை. அதற்கு அடுத்த நாளும் வரவில்லை. பூங்கோதை ஆள் அனுப்பவில்லை. தொலைபேசியிலும் கூப்பிடவில்லை. படகோட்டி நிற்க வேண்டிய இடத்தில் ஒரு நாற்காலியைப் போட்டு ஒத்திகையை நடத்தினாள். வேறு ஆளைப் போடலாமா என்று ஒருவர் கேட்டார்.

"ஆள் இருக்கு" என்றாள்.

மரியதாஸ் ஆட்டோவில் பட்டுப்புடவைத் தள்ளுபடி சொல்லிக்கொண்டிருந்தார். பாலக்கரை சிக்னலில் வண்டி நின்றது. அந்த இடைவெளியில் அவருக்கு அந்த மெல்லிய "ஏன்" ஞாபகம் வந்தது. எப்படிச் சொன்னோம்? சொல்லிப் பார்த்தார். வரவில்லை. இன்னும் கொஞ்சம் தணித்துச் சொன்னார். அதுவும் இல்லை. விதவிதமாகச் சொன்னார்.

மைக்கை அணைக்கவில்லை என்பது அவருக்குத் தெரியவில்லை. சிக்னலில் நின்ற அத்தனை பேருக்கும் தலைக்குமேல் "ஏன்? ஏன்? ஏன்?" என்று கேட்டது.

பூக்கட்டிக்கொண்டிருந்த பெண் ஒருத்தி நிமிர்ந்து, "என்னண்ணே, தள்ளுபடி ஏன்னு கேக்குறீங்களா?" என்றாள்.

சிக்னலே சிரித்தது. ஆட்டோக்காரரும் சிரித்தார். மரியதாஸுக்குக் கோபம் வரவில்லை.

"நாளைக்குக் காலையில நான் வரமாட்டேன். வேற குரல் பார்த்துக்க" என்றார் ஆட்டோக்காரரிடம்.

மறுநாள் அவர் மாடியேறியபோது பூங்கோதை மட்டும்தான் இருந்தாள். திரைத்துணியின் கிழிசலைத் தைத்துக்கொண்டிருந்தாள். ஏன் வரவில்லை என்று கேட்கவில்லை. துணியின் மறுமுனையைக் காட்டினாள். அவர் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"வாத்தியாரே, ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க."

"நான் ராஜாவாச் சொன்னது நல்லா இல்லையா?"

"நல்லா இருந்துச்சு. கைதட்டினாங்களே."

"அப்ப அந்த டாக்டரம்மா என்னைவிட நல்லாச் சொன்னாங்களா?"

"தெரியலை."

"தெரியலையா?"

"நான் அவங்களைப் பார்க்கலைண்ணே. வந்தவங்க யாரையுமே பார்க்கலை."

மரியதாஸ் துணியைக் கீழே விட்டார்.

"பின்ன, நாள் பூரா யாரைத்தான் பார்த்துக்கிட்டு இருந்தீங்க?"

"உங்களை."

பூங்கோதை நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். அவர் யோசித்தார். வந்தவர்கள் ஒவ்வொருவராக நினைவில் வந்து போனார்கள். அத்தனை பேருக்கும் எதிரில் தான் நின்ற நிலையும் நினைவுக்கு வந்தது.

"அன்னைக்கு ஒரு ‘ஏன்’ வந்துச்சே வாத்தியாரே. மெதுவா. அது எங்க இருந்து வந்துச்சுன்னே தெரியலை. எவ்வளவோ சொல்லிப் பார்த்துட்டேன். திரும்ப வரவே மாட்டேங்குது."

"தனியா வராது" என்றாள் பூங்கோதை.

கீழே ஸ்கூட்டர் வந்து நின்றது. நிலோஃபர் யாரிடமோ பேசிக்கொண்டே படியேறும் சத்தம் கேட்டது.

"ஏன் வராது?" என்றார் மரியதாஸ்.

"எல்லார்கிட்டயும் நீங்க அதைச் சொன்னீங்கண்ணே. அவங்க ஒருத்தர்கிட்டதான் கேட்டீங்க."

மரியதாஸ் எழுந்து போனார். படகோட்டியின் இடத்தில் கிடந்த நாற்காலியை எடுத்துச் சுவரோரம் வைத்துவிட்டு, அங்கே நின்றார்.