நண்டுக்கு ஒரு கை ஏன் பெருத்தது

அந்தக் காலத்தில், மலைக்கும் கடலுக்கும் நடுவே கிடக்கிற நெடுவயல் பள்ளத்தாக்கில், பேசத் தெரியாத பிராணி என்று ஒன்றுகூடக் கிடையாது. கொக்கு ஊர்வம்பு அளக்கும். நீர்நாய் பாட்டுப் பாடும், அதுவும் காதைப் பொத்திக்கொள்ளும்படியாக. ஆற்றோரத் தாழம்புதரில் கீரியும் பாம்பும் பகல் முழுக்க ஒன்றையொன்று ஏசிக்கொண்டிருக்கும். இத்தனை பேரிலும் உரத்த குரல் யாருக்கு என்றால் நம்பமாட்டீர்கள். சேற்று நண்டுக்குத்தான். ஆள் புளியங்கொட்டை அளவு, குரல் கோயில் முரசு. கடுகு சிறுத்தாலும் காரம் குறையுமா?

அன்றைக்கு அவனுக்கு இரண்டு கையும் ஒரே அளவு. இரண்டும் சின்னஞ்சிறு கைகள். மாறி மாறிச் சேற்றை அள்ளி வாயில் திணித்துக்கொண்டே இருப்பான்.

அந்தப் பள்ளத்தாக்கின் ஆறு நேரே போய்க் கடலில் விழுவதில்லை. கோடையில் அலை மணலைக் கொண்டுவந்து கொட்டி ஆற்றின் வாயை அடைத்துவிடும். அந்த மணல் மேட்டைப் பொழி என்பார்கள். ஐப்பசியில் மலையில் மழை கொட்டினால் ஆறு போக வழி தெரியாமல் வயலுக்குள் ஏறும். அப்போது பொழியை வெட்டித் தண்ணீரைக் கடலுக்கு விடவேண்டும். சொல்வதற்குச் சுலபம். கடல் வற்றிக் கிடக்கும் நேரம் பார்த்து வெட்டினால் ஆறு கடலுக்குப் போகும். கடல் ஏறி நிற்கும்போது வெட்டினால் கடல் வயலுக்கு வரும். உப்பு குடித்த வயல் மூன்று வருஷத்துக்கு ஒரு மணி நெல் தராது.

மழைக்காலத்துக் கடலைப் பார்த்து அது ஏறுகிறதா வற்றுகிறதா என்று சொல்ல மனிதக் கண்ணால் ஆகாது. எந்நேரமும் ஒரே கொந்தளிப்பு. நண்டுக்கு மட்டும் அது உடம்பிலேயே தெரியும்.

பொழியில் முதல் வெட்டு உலகம்மை என்கிற பெண்ணின் கையால் விழவேண்டும் என்பது நெடுவயல் வழக்கம். அவள் அம்மா வெட்டினாள், அவளுக்குப் பிறகு இவள். உலகம்மை ஆற்றுப் பக்கம் மண்வெட்டியோடு நிற்பாள். பொழியின் கோடியில், பாறையை ஒட்டின சேற்றுத் திட்டில் நண்டு நிற்பான். "கடல் வத்தியாச்சு! வெட்டுட்டி உலகம்மை!" என்று அவன் கத்தியதும் முதல் வெட்டு விழும். அப்புறம் ஊரே இறங்கி வெட்டும். மாசியில் அறுப்பு முடிந்ததும், புது நெல்லில் இடித்த அவலை வாழையிலையில் பொதிந்து திட்டுக்குக் கொண்டுபோவாள்.

"நண்டாரே, மெதுவாத் தின்னும். விக்கப் போகுது" என்பாள்.

"ரெண்டு கை என்னத்துக்காக்கும் இருக்கு? நீ பேசாம இரு" என்பான் அவன், வாய் நிறைய அவலோடு. உறவு என்று சொல்லிக்கொள்ள உலகம்மைக்கு ஊரில் பலர் உண்டு. ஆனால் மனசுவிட்டுப் பேச அந்தத் திட்டுதான்.

ஒரு ஐப்பசியில் மழை பிடித்தது. பிடித்த மழை விடவே இல்லை. எட்டாம் நாள் காலையில், நட்டு இருபது நாளே ஆன பயிரின் நுனி மட்டும் தண்ணீருக்கு மேல் தெரிந்தது. மண்வெட்டியோடு ஊர் பொழிக்கு வந்துவிட்டது. எல்லாருக்கும் முன்னால் நின்றவன் தாணு. அவன் வயல் ஊரிலேயே தாழ்ந்த வயல்.

"வெட்டுட்டி உலகம்மை, என்ன பாத்துக்கிட்டு நிக்க?"

"நண்டாரு இன்னும் சொல்லலியே, அண்ணாச்சி."

"நண்டு எங்கயாவது ஓடிப் போயிருக்கும். இந்த மழையில மனுசனே நிக்க முடியல."

"அவரு ஓடமாட்டாரு."

தண்ணீர் முழங்காலிலிருந்து தொடைக்கு வந்தது. குரல் வரவில்லை. தாணுவுக்குப் பொறுமை போயிற்று. "தலைக்கு மேல வெள்ளம் போனா சாண் என்ன, முழம் என்ன? நீ வெட்டலேன்னா நான் வெட்டுகேன்" என்று மண்வெட்டியை ஓங்கினான்.

உலகம்மை நேரே போய், மணல் மேட்டில் வெட்டவேண்டிய இடத்தில் கால் நீட்டி உட்கார்ந்துவிட்டாள். "என் மேல வெட்டும்" என்றாள்.

தாணு மண்வெட்டியைக் கீழே போட்டான். பயிர் போனால் ஊர் அவளைத்தான் சொல்லும். உப்பு ஏறினாலும் அவளைத்தான் சொல்லும். நண்டாரே, சொல்லுமே, வாயைத் திறந்து சொல்லுமே என்று அவள் மனசு அடித்துக்கொண்டது.

நண்டு சொல்லாமலா இருந்தான்? கடல் வற்றத் தொடங்கியதிலிருந்து கத்திக்கொண்டேதான் இருந்தான். அன்றைக்குக் காற்று மலையிலிருந்து கடலைப் பார்த்து அடித்தது. அவன் வாயிலிருந்து வந்த ஒவ்வொரு சொல்லையும் பிடுங்கிக் கடலில் எறிந்தது. "வெட்டுட்டி! வெட்டுட்டி!" என்று தொண்டை கிழியக் கத்தினான். கடைசியில் குரல் கரகரத்தது, பிறகு கீச்சென்றது, பிறகு ஒன்றுமே வரவில்லை. அந்த முரசுக் குரல் அத்தோடு தீர்ந்தது.

இனி கைதான். இரண்டு கையையும் தூக்கி ஆட்டினான். எள்ளளவு கையை நூறு தப்படி தூரத்திலிருந்து யார் காண்பார்கள்? கடலோ இன்னும் கொஞ்ச நேரத்தில் திரும்ப ஏறத் தொடங்கிவிடும். அடுத்த வற்று வருவதற்குள் பயிர் மூச்சு முட்டிச் செத்துவிடும்.

திட்டின் ஓரத்தில் மட்டி என்கிற வெள்ளைச் சிப்பி ஒன்று வாய் திறந்து கிடந்தது. வெள்ளையாவது தூரத்துக்குத் தெரியும் என்று நண்டு அதன் பக்கம் ஓடினான். கையைக் காட்டி, மட்டியைக் காட்டி, கடலைக் காட்டிச் சைகை செய்தான். மட்டிக்குப் புரிந்தது.

"கையை உள்ள விட்டீருன்னா நான் மூடிருவேன், கேட்டீரா" என்றது மட்டி. "மூடணும்னு இல்ல. பயந்தா எனக்குத் தானா மூடிரும். பெறகு திறக்க எனக்குத் தெரியாது."

நண்டின் பெண்டாட்டி வளைக்குள்ளிருந்து ஓடி வந்தாள். "ஓய், உமக்குப் பைத்தியமா? ஒத்தக் கையை வச்சுக்கிட்டு எப்படித் திங்கப் போறீரு?"

நண்டு மறு கையைத் தூக்கிக் காட்டினான். இது இருக்கிறதே என்று அர்த்தம்.

"அந்தப் பொம்பளைக்காகவா?"

ஆமென்று அவன் தலையை ஆட்டினான். அவள் பொழிப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். கொட்டுகிற மழையில், ஊர் முழுக்க ஏசிக்கொண்டிருக்க, ஒருத்தி இவன் சொல்லுக்காக மணலில் உட்கார்ந்திருந்தாள். நண்டுப் பெண்ணுக்கு என்னவோ போலாகிவிட்டது.

"சரி, கையை உள்ள விடும். ஆனா என் கையைக் கேக்காதேயும். ரெண்டு பேரும் கையைக் குடுத்துட்டா பிள்ளைகளை ஆரு பாக்கது?"

நண்டு கண்ணை மூடிக்கொண்டு கையை உள்ளே விட்டான். மட்டி 'டப்'பென்று மூடியது. வலி உச்சந்தலைக்கு ஏறியது. உடம்பைவிடப் பெரிசான அந்தக் கையைத் தூக்கமாட்டாமல் தூக்கி, திட்டின் மேட்டில் ஏறி நின்று ஆட்டினான். மேலே, கீழே. மேலே, கீழே.

உலகம்மை நிமிர்ந்து பார்த்தாள். சாம்பல் நிறச் சேற்றில் வெள்ளையாக ஏதோ ஒன்று ஏறி ஏறி இறங்கியது. கொக்கு என்று நினைத்தாள். கொக்கு இப்படி ஓயாமல் கூப்பிடாது.

"நண்டாரு!" என்று எழுந்தவள் திரும்பி மண்வெட்டியை ஓங்கினாள். முதல் வெட்டு விழுந்தது. தாணு இரண்டாவது வெட்டு வெட்டினான். ஊர் முழுக்க இறங்கியது. ஓர் ஓடை அளவு திறந்த பொழியை ஆறே மிச்சமும் அறுத்துக்கொண்டு இரைச்சலோடு கடலுக்குள் பாய்ந்தது. பயிர் வாடியிருந்தது, ஆனால் சாகவில்லை. அந்தியில் ஒவ்வொரு வயலாக வரப்பு வெளியே தெரிய, தாணு வரப்பில் உட்கார்ந்து விம்மி விம்மி அழுதான்.

மழை விட்டதும் உலகம்மை திட்டுக்கு ஓடினாள். நண்டின் வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. கையைப் பார்த்ததும் அவளுக்கு எல்லாம் விளங்கியது. மண்வெட்டி நுனியால் மட்டியை நெம்பிப் பார்த்தாள். "எனக்குத் திறக்கத் தெரியலியே, தாயி" என்று மட்டி உள்ளிருந்து அழுதது. மேலும் நெம்பினால் கையே போய்விடும். உலகம்மை மண்வெட்டியைத் தூர எறிந்துவிட்டுச் சேற்றில் உட்கார்ந்தாள். நாள் போகப் போக மட்டியும் கையும் ஒட்டி ஒரே உறுப்பாகிவிட்டன.

மாசி வந்தது. அவல் பொதியோடு வந்த உலகம்மை, அவன் ஒற்றைச் சின்னக் கையால் ஒவ்வொரு அவலாக எடுத்துத் தின்பதைப் பார்த்தாள். அப்போது கடல் வற்றியது. நண்டு தின்பதை விட்டுவிட்டு மேட்டில் ஏறிப் பெரிய கையை ஆட்டத் தொடங்கினான்.

"இன்னைக்கு வெட்டு இல்லையே, நண்டாரே. வெயில் அடிக்கில்லா? கையைக் கீழ போடும்."

அவன் கேட்கவில்லை. ஆட்டிக்கொண்டே இருந்தான்.

"வத்து வந்தா இப்படித்தான்" என்றாள் பெண்டாட்டி. "அன்னைக்கு நீ கண்டியா இல்லையான்னு அவருக்குத் தெரியல்ல. நீ பதிலுக்கு ஒரு கை காட்டல்ல. திரும்பி நின்னு வெட்டத் தொடங்கிட்ட. தண்ணி பாய்ஞ்சு வார வரைக்கும் இந்த மனுசன் உயிரைக் கையில பிடிச்சுக்கிட்டு நின்னாரு. அந்தப் பயம் இன்னும் போகல்ல."

உலகம்மைக்குச் சுருக்கென்றது. ஊரைக் காப்பாற்றுகிற அவசரத்தில், கையைக் கொடுத்தவனுக்கு ஒரு பதில் சொல்லத் தோன்றவில்லையே என்று கண் கலங்கிற்று. எழுந்து, அவன் பார்க்கும்படி எதிரே போய் நின்று, தன் வலது கையைத் தலைக்கு மேலே உயர்த்தினாள்.

"கண்டாச்சு, நண்டாரே. கண்டாச்சு."

நண்டு அவளைப் பார்த்தான். மெள்ள மெள்ளக் கையை இறக்கி வைத்தான். பிறகு அவலுக்குப் போனான்.

அன்று முதல்தான் சேற்று நண்டுக்குக் குரல் இல்லாமல் போயிற்று. ஆண் நண்டுக்கு ஒரு கை பெருத்தும் ஒரு கை சிறுத்தும் இருப்பதும், பெண்ணுக்கு இரண்டும் சின்னக் கைகளாகவே இருப்பதும் அன்று முதல்தான். மட்டிக்குள் விட்டது வலக்கையா இடக்கையா என்று அவன் வம்சத்தில் தகராறு தீராததால், சிலதுக்கு அந்தப் பக்கம் பெரிசு, சிலதுக்கு இந்தப் பக்கம். கடல் வற்றியதும் வளையைவிட்டு வந்து எல்லாம் ஓயாமல் கை காட்டுகின்றன. பொழி வெட்டப் போகிற நெடுவயல்காரர்கள் மண்வெட்டியைத் தொடுவதற்கு முன்னால், சேற்றுத் திட்டைப் பார்த்து நின்று, கையைத் தலைக்கு மேலே உயர்த்தி "கண்டாச்சு" என்று பதில் சொல்வதும் அன்று முதல்தான்.