கரடி வீட்டு ரூட்டர்

கருங்காலிக் காட்டின் பாறைக் குகை ஒன்றில் சடையன் என்ற கரடி தனியாக வாழ்ந்து வந்தது. அதற்குக் கொன்றை என்று ஒரே மகள். இரண்டு வருடங்களுக்கு முன் கொன்றை தனக்குப் பிடித்த கரடியைக் கட்டிக்கொண்டு மூன்று மலை தாண்டிப் போய்விட்டது. “இனி என் முகத்தில் விழிக்காதே!” என்று சடையன் அன்றைக்குக் கத்திய கத்தலில் மரத்திலிருந்த கிளிகளெல்லாம் பறந்துவிட்டன.

அதன் பிறகு சடையன் யாரிடமும் அதிகம் பேசவில்லை. ஒருநாள் குகைக்கு மேலே, பாறை உச்சியில், வெள்ளை டிஷ் ஒன்றைக் கொண்டுவந்து நிறுத்தியது. அந்தக் காட்டில் கேபிள் கிடையாது, டவரும் கிடையாது. வானத்தில் சுற்றும் செயற்கைக்கோளிலிருந்துதான் நெட் இறங்கி வர வேண்டும். டிஷ்ஷிலிருந்து ஒரு வயர் குகைக்குள் இருந்த ரூட்டருக்கு வந்தது. சடையன் பக்கத்தில் ஒரு திரையும் உட்கார ஒரு பலகையும் போட்டு, கரன்டுக்கு வேறொரு வயரும் இழுத்துவிட்டது.

“எதுக்கு அண்ணே இதெல்லாம்?” என்று கேட்டது பக்கத்துப் புதரில் இருந்த நரி நாவரசு.

“மழை எப்ப வரும்னு பார்க்கத்தான்!” என்றது சடையன்.

ஆனால் மலை தாண்டிப் போகும் புறாக்களிடமெல்லாம் தன் எண்ணைச் சொல்லி அனுப்பியது.

கோடையில் ஒரு மாலை. திரையில் கொன்றையின் முகம் தெரிந்தது! மிகவும் மெலிந்திருந்தது.

“அப்பா! நல்லா இருக்கீங்களா?”

சடையன் பலகையில் உட்கார்ந்தபடியே முகத்தைத் திரைக்குப் பக்கத்தில் கொண்டுபோனது.

“உங்ககிட்ட ஒண்ணு கேட்கணும் அப்பா. கேட்டா நீங்க...”

திரை கறுத்துவிட்டது.

சடையன் பதறி எழுந்து ரூட்டரைப் பார்த்தது. சிவப்பு விளக்கு மினுங்கிக்கொண்டிருந்தது. வெகுநேரம் கழித்துத்தான் பச்சை வந்தது. திரும்பக் கூப்பிட விரல் நீண்டது. ‘ஒருவேளை அவளே போனை வைத்திருந்தால்?’ விரல் மடங்கிக்கொண்டது.

மறுநாள் மாலை கொன்றை மறுபடியும் கூப்பிட்டது.

“நேத்து நீங்களே வச்சிட்டீங்களா அப்பா?”

“நானா? ஐயோ, இல்லைம்மா! நான் எதுக்கு...”

அவ்வளவுதான். மறுபடியும் திரை கறுத்துவிட்டது.

விடிந்ததும் சடையன் நரியைக் கூட்டி வந்தது. நாவரசுக்குத் தெரியாத விஷயமே காட்டில் இல்லை என்று நாவரசே சொல்லும்!

“அணைச்சுட்டுப் போடுங்க, எல்லாம் சரியாயிடும்!” என்றது நரி. சடையன் அணைத்துப் போட்டது. பச்சை எரிந்தது. “டிஷ்ஷுக்கு எதிரே கிளை நீட்டிட்டு இருக்கு, வெட்டுங்க!” என்றது. சடையன் வெட்டியது. அப்போதும் பச்சைதான். இரண்டும் டிஷ்ஷைத் திருப்பின, துடைத்தன, தட்டின. நரி பார்க்கும்போதெல்லாம் ரூட்டர் நல்ல பிள்ளையாகவே இருந்தது.

நரிக்கு எரிச்சல் வந்தது. சுற்றிலும் பார்த்தது. குகைச் சுவரின் விரிசலில் அரும்பு என்ற சுண்டெலி தன் நான்கு குட்டிகளோடு குடியிருந்தது.

“எலியை வீட்டுல வச்சுக்கிட்டு என்னைக் கேட்கிறீங்களே! வயரைக் கடிச்சிருக்கும்!”

சடையன் வயரைப் பார்க்கக்கூட இல்லை. நேரே விரிசலுக்குப் போய் உறுமியது.

“என் மகள் பேச்சை அறுத்தவள் நீதானா?”

“ஐயா, நான் அந்த வயரைத் தொட்டதே இல்லை!” என்று நடுங்கியது அரும்பு.

“பொய்! போ வெளியே!”

அரும்பு ஒவ்வொரு குட்டியாக வாயில் கவ்விக்கொண்டு, கொதிக்கும் பாறைமேல் நான்கு முறை ஓடியது. எதிரே இருந்த கள்ளிப் புதரில் குட்டிகளைச் சேர்த்துக்கொண்டு படுத்தது. சடையன் வேறு பக்கம் திரும்பி நின்றுகொண்டது.

அன்று மாலை கொன்றையின் குரல் தழுதழுத்தது.

“என்னோட பேசப் பிடிக்கலைன்னா சொல்லிடுங்க அப்பா. நாளைக்கு ஒரே ஒரு தடவை கூப்பிடறேன். அப்புறம் தொந்தரவு பண்ண மாட்டேன்.”

“கொன்றை! அப்படிச் சொல்லாதேம்மா!” என்று சடையன் திரையை நோக்கிச் சாய்ந்தது.

திரை கறுத்துவிட்டது.

சடையன் எழுந்து விரிசலை எட்டிப் பார்த்தது. எலிதான் போய்விட்டதே! அப்புறம் எப்படி?

“வேற எலி இருக்கும்! இல்லேன்னா ரூட்டரே தண்டம், தூக்கிப் போடுங்க!” என்றது வாசலில் நின்ற நரி. சடையன் தலையைக் குனிந்துகொண்டு கள்ளிப் புதருக்குப் போனது.

“அரும்பு, நீ போன பிறகும் லைன் போயிடுச்சு. உன்மேல தப்பே இல்லை. நான்தான் கண்ணை மூடிக்கிட்டுப் பழி போட்டுட்டேன். என்னை மன்னிச்சு, குட்டிகளோட வந்துடும்மா.”

அரும்பு குட்டிகளைத் தன்னோடு இழுத்து அணைத்துக்கொண்டது. பிறகு, “உங்க மேல கோபம் இருக்கு ஐயா. ஆனா உங்க பொண்ணு குரலை நானும் மூணு நாளா கேட்டேன். பாவமா இருந்துச்சு,” என்றது. “ஒண்ணு சொல்லுங்க. நரி அண்ணன் பார்க்கும்போது லைன் போகுதா?”

“போகலை.”

“நீங்க பேசும்போது மட்டும் போகுதா?”

“ஆமா!”

“அப்ப பேசற மாதிரியே உட்கார்ந்து காட்டுங்க. நான் தரையில இருந்து பார்க்கிறேன்.”

சடையன் குட்டிகளை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு வந்து விரிசலில் விட்டது. பிறகு பலகையில் உட்கார்ந்தது. பச்சை எரிந்துகொண்டே இருந்தது.

“சும்மா உட்கார்ந்தா எப்படி? பொண்ணைப் பார்க்கிற மாதிரி பாருங்க!” என்றது தரையில் ஒட்டிப் படுத்திருந்த அரும்பு.

சடையன் மகளின் மெலிந்த முகத்தை நினைத்தது. நினைத்ததும் உடம்பு தானாக முன்னால் சாய்ந்தது. பலகை அழுந்தியது. விளக்கு பொசுக்கென்று அணைந்தது!

“கண்டுபிடிச்சிட்டேன்!” என்று அரும்பு துள்ளியது. “கரன்ட் வயர் உங்க பலகைக்கு அடியில போகுது ஐயா! நீங்க சாயும்போது பலகை வயரை இழுக்குது, தளர்ந்த பிளக் லேசா நழுவுது. எழுந்ததும் பலகை தூக்கிக்குது, பிளக் மறுபடி பட்டுக்குது!”

மூன்று நாளும் மகளின் பேச்சை அறுத்தது சடையனின் பாரம்தான்! சடையன் பலகையைத் தள்ளிப் போட்டது. பிளக்கை அழுத்திச் செருகியது. வயரைச் சுவரோரமாகக் கொண்டுபோய்க் கொடியால் கட்டியது.

மறுநாள் மாலை கொன்றை கூப்பிட்டது. எப்போது அறுந்துவிடுமோ என்று வேகவேகமாகப் பேசியது.

“அப்பா, இங்கே ஆறு வத்திடுச்சு. எனக்குக் குட்டி பிறந்திருக்கு. கோடை முடியற வரைக்கும் அங்கே வந்து இருக்கலாமா?”

“இதைக் கேட்கணுமா? உன் வீடும்மா இது!”

“அவரும் வருவார் அப்பா...”

சடையன் பேசவில்லை. கொன்றையின் முகம் வாடியது.

“அப்பா? லைன் இருக்கா?”

“இருக்கும்மா, இருக்கு,” என்றது சடையன். கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டது: “மாப்பிள்ளைக்குத் தேன் பிடிக்குமா?”

கொன்றை சிரித்தது. அழுதுகொண்டே சிரித்தது.

பொழுது விடிந்ததும் சடையன் குகையை அரும்பின் பொறுப்பில் விட்டுவிட்டு, மகளையும் மாப்பிள்ளையையும் பேரக்குட்டியையும் அழைத்துவர மலை ஏறத் தொடங்கியது.

அவசரப்பட்டு அடுத்தவர்மேல் பழி போடாமல், தன்னிடம் என்ன பிழை என்று முதலில் நிதானமாகப் பார்ப்பவருக்குக் கோளாறும் தீரும், உறவும் நிலைக்கும்.