பிச்சாண்டியின் கல்யாணத்துக்கு டாரட் சீட்டுப் பார்த்த கதை

எல்லா உயிர்க்குள்ளும் நின்று அருள்பவன் அறிவைப் பங்கிட்ட நாளில், ஏமாங்குளத்து அண்ணன் தம்பிமார் மூவரையும் வரிசையாக வரச் சொன்னானாம். வரிசை என்றால் சீர்வரிசை என்று எண்ணி, அவர்கள் தேங்காய் பழம் வாங்கக் கடைத்தெருவுக்குப் போய்விட்டார்கள். திரும்பி வருவதற்குள் பாத்திரம் காலியாகிவிட்டது.

மூத்தவன் சோணாசலம், நடுவன் அம்பலத்தாடி, இளையவன் பிச்சாண்டி. கீழைப்பாடித் தில்லைக்கண்ணுவின் மகள் கருங்குழலியைத் தேரோட்டத்தன்று கண்டதிலிருந்து பிச்சாண்டிக்குச் சோறு இறங்கவில்லை. பெண் கொடுக்கத் தில்லைக்கண்ணுவும் மனம் வைத்தார். ஆனால் வெள்ளிக்கிழமை விளக்கு வைப்பதற்குள் பதில் வராவிட்டால் அவளுடைய அத்தை மகனுக்கே கொடுத்துவிடுவதாகச் சொல்லியனுப்பினார்.

சம்மதம் என்று சொல்லியிருந்தால் காரியம் அன்றே முடிந்திருக்கும். இவ்வளவு பெரிய விஷயத்தை ஒருவரைக் கேட்காமல் செய்யலாகாது என்று சோணாசலம் தடுத்துவிட்டான். டவுனில் செங்கமலம் அம்மாள் டாரட் என்னும் படச்சீட்டைப் பார்த்துக் குறி சொல்கிறார் என்று யாரோ சொல்ல, மூவரும் பஸ் ஏறினார்கள்.

அந்த அம்மாள் நல்லவர். தம்மிடம் இருந்த பழைய கட்டு ஒன்றைக் கொடுத்து, நீங்களே பார்த்துக்கொள்ளலாம் என்று முறையையும் விளக்கினார். மொத்தம் எழுபத்தெட்டுப் படங்கள். மனத்தில் கேள்வியை நிறுத்திச் சீட்டைக் கலைக்க வேண்டும். இடக்கையால் வெட்ட வேண்டும். மூன்றை எடுத்துக் கடந்தது, நடப்பது, வருவது என்று வைக்க வேண்டும். ஆமா இல்லையா என்று கேட்கலாகாது. நான் என்ன செய்யலாம் என்றே கேட்க வேண்டும். சாவுப் படம் வந்தால் நடுங்க வேண்டியதில்லை; பழையது முடிந்து புதியது தொடங்கும் என்பதே அதன் பொருள்.

"சீட்டு விதியைச் சொல்லாது. அது ஒரு கண்ணாடி. உங்கள் மனத்தைக் காட்டும்" என்று முடித்தார்.

மூவரும் கைகூப்பிக் கேட்டார்கள். ஒரு சொல்லைக்கூட மறக்கவில்லை. வினை அங்கேதான் பிறந்தது.

வெள்ளிக்கிழமை காலை நீராடி, நீறு பூசி, பாயில் அமர்ந்தார்கள். கலைக்கச் சொன்னதால் அம்பலத்தாடி, கோழி குப்பையைக் கலைப்பதுபோல் சீட்டுகளை வீடெங்கும் கலைத்தான். பிறகு பொறுக்கி அடுக்கி, இடக்கையில் அரிவாளை எடுத்து வெட்டினான். சீட்டுக்கட்டோடு பாயும் இரண்டானது.

"அண்ணே, எழுபத்தெட்டு நூற்றைம்பத்தாறாகிவிட்டதே" என்று பிச்சாண்டி வியந்தான்.

"பெருகட்டும் என்றுதானே வெட்டச் சொன்னார்கள். நீ முருங்கையைப் பார்த்ததில்லையா?" என்றான் சோணாசலம்.

அடுத்து, கண்ணாடி என்றாரே, அது முகம் பார்க்கும் கண்ணாடியா, மூக்குக் கண்ணாடியா என்று விவாதம் எழுந்தது. உற்றுப் பார்த்தும் முகம் தெரியாததால் மூக்குக் கண்ணாடிதான் என்று தீர்ப்பாயிற்று. சோணாசலம் இரண்டு துண்டுகளை நூலால் கண்களின்மேல் கட்டிக்கொண்டான்.

"மனம் தெரிகிறதா அண்ணே?"

"நன்றாகத் தெரிகிறது. உள்ளே ஒரே இருட்டு."

அதைக் கழற்றிவிட்டு மூன்று துண்டுகளை எடுத்து வைத்தார்கள். கடந்தது என்ற இடத்தில் ஓர் ஓடம் வந்தது. தாங்கள் ஆற்றைக் கடந்ததுண்டு என்று மூவரும் ஒப்புக்கொண்டார்கள். நடப்பது என்ற இடத்தில் இடுப்புக்குக் கீழே இரண்டு கால்கள் மட்டும் வந்தன. கால் இல்லாமல் எப்படி நடப்பது, என்ன பொருத்தம் என்று சோணாசலம் உள்ளம் உருகினான். வருவது என்ற இடத்தில் சாவுப் படத்தின் மேல்பாதி, ஓர் எலும்புக்கூட்டின் தலையும் விலாவும் வந்தன.

பிச்சாண்டி அழுதுவிட்டான். "அப்போ கருங்குழலி எனக்கில்லையா அண்ணே?"

"அழாதேடா. பழையது முடிந்தால் புதியது தொடங்கும் என்று அம்மாள் சொன்னாரே. அடுக்களையில் பழையது எவ்வளவு இருக்கிறது?" என்றான் சோணாசலம்.

"ஒரு பானை."

"அது முடிகிற வரைக்கும் உன் கல்யாணம் தொடங்காது."

தண்ணீரில் ஊறிய சோறு முழுவதும் மூவர் வயிற்றுக்குள் போயிற்று. சோறு இறங்காதிருந்த பிச்சாண்டியும் கருங்குழலியை நினைத்து, வெங்காயத்தைக் கடித்து, கண்ணீரோடு உண்டான். பானை காலியானபோது ஒருவராலும் எழ முடியவில்லை. வெட்டுண்ட பாயிலேயே உறங்கிவிட்டார்கள். பொழுது சாய்ந்தது. கீழைப்பாடிக்குப் பதில் போகவில்லை.

நல்லவேளையாகத் தில்லைக்கண்ணு பொறுக்கமாட்டாமல் தாமே வந்தார். அவர் விரதத்தால் மெலிந்தவர். மேல்சட்டை அணியும் வழக்கமும் இல்லாதவர். வாசலில் நின்ற விலா எலும்புகளைக் கண்டதும் மூவரும் எழுந்து, விழுந்து வணங்கினார்கள்.

"வாருங்கள் மாமா. நீங்கள் வருவதைச் சீட்டிலேயே பார்த்தோம். உங்களைக் கண்டு நடுங்க வேண்டியதில்லை என்றும் சொல்லியிருக்கிறார்கள்" என்றான் சோணாசலம்.

அவருக்கு அது விளங்கவில்லை. "விளக்கு வைக்கப் போகிறார்கள். பெண் உங்களுக்குச் சம்மதமா, இல்லையா?" என்றார்.

"அப்படிக் கேட்கக் கூடாது மாமா. நான் என்ன செய்யலாம் என்று கேளுங்கள்" என்றான் சோணாசலம்.

தில்லைக்கண்ணு பெருமூச்சு விட்டார். "சரியப்பா, நான் என்ன செய்யலாம்?"

"பெண்ணைக் கொடுக்கலாம்" என்றான் பிச்சாண்டி, ஏப்பத்தோடு.

அவர் மனம் குளிர்ந்து அவனைத் தழுவிக்கொண்டு, "இனி இவர் எங்கள் வீட்டுப் பிள்ளை" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் தெருமுனையைக் கடந்ததும் அம்பலத்தாடி கவலையோடு கேட்டான். "இவன் அவர் வீட்டுப் பிள்ளை என்றால், கருங்குழலி இவனுக்கு என்ன வேண்டும்?"

மூவரும் நெடுநேரம் யோசித்தார்கள். "தங்கை" என்று சொல்லிச் சோணாசலம் தலையில் கைவைத்துக்கொண்டான்.

தங்கையை எப்படி மணப்பது? பிச்சாண்டி மறுபடியும் அழுதான். ஆயினும் அண்ணன் என்ற பொறுப்பு வந்துவிட்டபடியால், கண்ணைத் துடைத்துக்கொண்டு தங்கைக்கு மாப்பிள்ளை தேடப் புறப்பட்டான். மூவரும் ஊர் ஊராக அலைந்தார்கள். ஒருவன் குடிகாரன், ஒருவன் கோயில் பக்கமே போகாதவன், அத்தை மகனோ விஷயத்தைக் கேட்டுச் சிரித்த சிரிப்பே சரியில்லை. கடைசியில், குணத்திலும் பக்தியிலும் பிச்சாண்டியைவிடத் தக்கவன் இல்லை என்று முடிவாயிற்று. பிச்சாண்டியும் பெண்ணுக்கு அண்ணன் என்ற முறையில் அவனைப் பற்றி நாலு இடத்தில் விசாரித்த பிறகே ஒப்புக்கொண்டான்.

கல்யாணம் சிறப்பாக நடந்தது. பெண்ணின் உடன்பிறந்தான் வந்து மாப்பிள்ளையின் காலைக் கழுவி மோதிரம் போட வேண்டும் என்று புரோகிதர் அழைத்தார். மணையில் இருந்த பிச்சாண்டி செம்பை வாங்கித் தன் காலைக் கழுவினான். மோதிரத்தையும் போட்டான். பிறகு அண்ணன் முறையில், "மாப்பிள்ளை, எங்கள் தங்கை செல்லமாக வளர்ந்தவள்" என்றான். "கவலைப்படாதீர்கள் மைத்துனரே, நான் இருக்கிறேன்" என்று அவனே ஆறுதலும் சொன்னான்.

பந்தியில் பெண் வீட்டார் பக்கம் ஓர் இலையிலும், மாப்பிள்ளை வீட்டார் பக்கம் ஓர் இலையிலும் உட்கார்ந்து உண்டான். மாப்பிள்ளை வீட்டார் பக்கத்தில் பாயசம் தண்ணீராக இருந்தது என்று, பெண் வீட்டாரிடம் வந்து சண்டையும் போட்டான்.