நெல் வயலில் புல் விதைத்தவர்

வெண்ணாற்றுக் கரையில் ஒரு சின்ன மடம். அங்கே குரு, அபிராமவல்லி அம்மா. சீடர் சிங்காரவேலு அவரைவிட வயதில் மூத்தவர். மடத்து வயல் அவர் பொறுப்பு. நெல் என்றால் அவருக்கு உயிர்.

அந்த வருடம் அறுப்பு நேரத்தில் மழை கொட்டி, வைக்கோல் பெரும்பாலும் சேற்றிலேயே அழுகிவிட்டது. விலைக்கு வாங்கினால் கட்டுப்படியாகாது. மடத்துப் பசு மயிலையோ சினையாக இருந்தது.

"மாட்ட வித்துடலாம்மா," என்றார் சிங்காரவேலு. "யாவாரிகிட்ட சொல்லி வச்சிருக்கேன்."

"பாதி வயல்ல தீவனச் சோளம் போட்டுப் பாருங்களேன். கோடையில முழுசுக்கும் நெல்லு நட்டாத் தண்ணி காணாது."

சிங்காரவேலுவுக்குச் சுருக்கென்றது. வாழ்நாள் முழுக்க வயலில் புல்லைப் பிடுங்கியே முதுகு வளைந்தவர் அவர். மாட்டுச் சோளமும் அவருக்குப் புல்தான். நெல் விளைகிற மண்ணில் புல் விதைப்பதாவது! ஆனாலும் குரு சொல்லைத் தட்ட மனம் வரவில்லை. ஒரு பாதியில் நாற்று நட்டார், மறு பாதியில் சோளம் விதைத்தார்.

பக்கத்து வயல் பிச்சைக்கண்ணு வரப்பில் நின்று சிரித்தான். "என்னண்ணே, மடத்துல இனிமே எல்லாருக்கும் புல்லுதானா?"

சோளம் முளைத்து மேலே வந்த சமயம், ஒரு காலையில் நெல்லுக்குக் களையெடுக்க இறங்கினார். குனிந்துவிட்டால் அவர் கை யார் பேச்சையும் கேட்காது. வரப்பைத் தாண்டியதுகூடத் தெரியாமல் போய்க்கொண்டே இருந்தார். நிமிர்ந்து பார்த்தபோது சோளக்கொல்லையில் பெரும்பகுதி மொட்டையாகக் கிடந்தது.

பிடுங்கிய பயிரை அள்ளிக்கொண்டு வந்து அம்மா முன்னால் போட்டார். கண் கலங்கியிருந்தது.

"கை பழகிப் போச்சும்மா. இளஞ்சோளம், இதை மாட்டுக்கும் போட முடியாது, விஷம்."

அம்மா ஒரு பயிரை எடுத்து வேர் மண்ணைத் தட்டினார்.

"ஒரு வகையில நல்லதுக்குத்தாம்மா. நாத்து மிச்சம் இருக்கு, அங்கயும் நட்டுடறேன். நெல்லுன்னா அறுத்ததும் வீட்டுக்கு வந்துரும். புல்லு மாட்டு வயித்துக்குப் போயி, அது கன்னு போட்டு, பாலு கறந்து, சாணம் வயலுக்கு வந்து... அந்த லாபத்த எப்பம்மா பாக்குறது? இப்ப அது சும்மா தின்னுக்கிட்டுல்ல நிக்குது?"

அம்மா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, மிச்சச் சோள விதையைக் கூடையில் எடுத்துக்கொண்டார். வயலைப் பார்த்து நடந்தார். சிங்காரவேலு பின்னாலேயே போனார்.

"நீங்க இங்க வந்தது எப்போ?" என்று கேட்டார் அம்மா.

"வீட்டுக்காரி செத்துப்போன வருஷம்மா."

"வந்து எத்தனை மாசம் சுவத்தையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தீங்க! பேச்சும் இல்ல, வேலையும் இல்ல. கூப்பிட்டா வந்து சாப்பிடுவீங்க, அவ்வளவுதான்."

சிங்காரவேலு தலையைக் குனிந்துகொண்டார்.

"அப்ப ஊர்ப் பெரியவர் ஒருத்தர் எங்கிட்ட வந்து கேட்டாரு. 'இந்த ஆளு சும்மா தின்னுக்கிட்டு இருக்காரே, இவரால மடத்துக்கு என்ன லாபம்?'னு."

அம்மா மொட்டை நிலத்தில் இறங்கி முதல் பிடி விதையை வீசினார்.

"நீங்க என்னம்மா சொன்னீங்க?"

"பதில் சொல்லல. அன்னிக்கு உலையில ஒரு பிடி அரிசி கூடப் போட்டேன்."