கேட்டைத் தாண்டாத மொச்சை

ஈரோட்டில் ஒரு மருத்துவமனையில் பிசியோதெரபி பார்க்கும் வேலை வசுமதிக்கு. வேலை சுலபமாகக் கிடைத்தது, வீடுதான் கிடைக்கவில்லை. அவளிடம் மொச்சை என்றொரு நாய் இருந்தது. போன வாசலிலெல்லாம், “நாய் இருக்குதுங்களா? அப்ப வேண்டாமுங்க” என்றார்கள். கடைசியில் சென்னியப்பன் என்பவர் வீட்டு மாடி அமைந்தது. அங்கும் அவர் மனைவி பாவாயம்மாள் ஒரு நிபந்தனை போட்டார்.

“நாயி மட்டும் இந்தக் கேட்டைத் தாண்டக் கூடாது, கண்ணு.”

“ஊசியெல்லாம் ஒழுங்காப் போட்டிருக்குதுங்கம்மா. மாடியை விட்டு எறங்காது.”

“என்ற ஒரே பையனை நாய்க்கடிக்குத்தான் குடுத்தேன். இனி நீயே சொல்லு.”

வசுமதி கொண்டுவர மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தாள். மொச்சையைக் கோபியில் அக்கா வீட்டில் விட்டாள்.

விட்டாளே தவிர, மனம் விடவில்லை. சாப்பிட உட்கார்ந்தால் கை தானாக ஒரு கவளத்தை ஒதுக்கிவைக்கும். படியேறி யார் வந்தாலும், தரையில் நகம் உரசும் சத்தம் கேட்கிறதா என்று காது தேடும். ஞாயிறுதோறும் கோபிக்குப் போவாள். திரும்பும்போது மொச்சை பஸ் நிறுத்தம்வரை வரும். பஸ் போன பிறகும் நெடுநேரம் அங்கேயே உட்கார்ந்திருக்கும் என்று அக்கா சொல்வாள். அதைக் கேட்ட பிறகு பாவாயம்மாளிடம் மறுபடியும் மன்றாடினாள். பேச்சு முற்றி, “நாயி வேணும்னா வேற வீடு பாத்துக்க” என்று பதில் வந்தது. பார்த்தாள். கிடைக்கவில்லை.

அந்தக் கோடையில் மொச்சை சோற்றைத் தொடுவதை நிறுத்தியது. வசுமதி பதறிப்போய் அதை ஈரோட்டுக்குக் கொண்டுவந்து கால்நடை மருத்துவரிடம் காட்டினாள். “கிட்னி போயிருச்சுங்க. இன்னிக்குத் தாண்டாது. மடியில வெச்சுக்குங்க” என்றார் அவர். கோபிவரை அது தாங்காது. ஆட்டோவில் ஏறியவள் வேறு போக்கிடம் தெரியாமல் வீட்டு வாசலில் வந்து இறங்கினாள்.

பாவாயம்மாள் கோயிலுக்குப் போயிருந்தார். சென்னியப்பன் ஓடிவந்து கேட்டை அகலத் திறந்தார்.

“உள்ள கொண்டா அம்மிணி. அவளுக்கு நான் சொல்லிக்கறேன்.”

வசுமதி நகரவில்லை. “அம்மாகிட்ட வார்த்தை குடுத்திருக்கறனுங்க.”

“செத்தவன் எனக்கும் பையந்தான். நான் சொல்றேன், வா. உன்ற வார்த்தை இந்த வாயில்லாச் சீவனுக்கு என்ன தெரியும்? வெயில்ல கெடக்குது பாரு!”

வெளியே நிழல் என்று சொல்ல ஒரு முருங்கைமரம்தான். அதனடியில் மொச்சையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். கேட் திறந்தே கிடந்தது.

பாவாயம்மாள் வந்தார். கண்ட காட்சியில் தெருவின் மறுபக்கமே நின்றுவிட்டார். பையன் போனதிலிருந்து எந்த நாயின் பக்கத்திலும் அவர் போனதில்லை. பிறகு சுவரோரமாக நடந்து உள்ளே போனார். திரும்பி வந்தபோது கையில் குடையும் ஒரு செம்புத் தண்ணீரும் இருந்தன. வசுமதியின் அருகே மண்ணில் உட்கார்ந்து குடையை விரித்தார். முந்தானை நுனியை நனைத்து மொச்சையின் வாயில் பிழிந்தார்.

“அம்மா, நீங்க...”

“என்ற பையனை ஆஸ்பத்திரில தனி ரூம்புல போட்டுப் பூட்டிட்டாங்க. சன்னல் வழியாத்தான் பாத்தேன். பக்கத்துல உக்காரக்கூட வுடல, கண்ணு.”

பொழுது சாயும்போது மொச்சையின் மூச்சு நின்றது.

கேட்டைத் திறந்துவிட்டவர் சென்னியப்பன். திறந்திருந்தும் உள்ளே போகாதவள் வசுமதி. நாயை உள்ளே விடாமல் தானே வெளியே வந்தவர் பாவாயம்மாள். இவர்களில் யார் செய்தது சரி?

விடை: பாவாயம்மாள் என்று பலர் சொல்வீர்கள். என் தீர்ப்பு வசுமதிக்கு. சென்னியப்பனின் இரக்கம் பொய்யல்ல. ஆனால் மனைவியின் பயத்தை மனைவியைக் கேளாமல் தள்ளிவைக்க அவருக்கு உரிமையில்லை. வசுமதி உள்ளே போயிருந்தால், கோயிலிலிருந்து வந்தவர் தன் வீட்டுக்குள்ளேயே ஏமாற்றப்பட்டவராக நின்றிருப்பார். குடை எடுக்கத் தோன்றியிருக்காது. அவர் தானாக இறங்கிவர இடம் வைத்தது வசுமதி காத்த சொல்தான். இதை அவளிடம் சொல்லிப் பார்த்தேன், ஒப்பவில்லை. “கொஞ்ச நேரமாவது நெழல்ல கெடந்திருக்குமே” என்றுதான் இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.